குப்பைக்கு முப்பது நாள்

அந்த எண்ணை எழுதியது நான்தான். முப்பது. எந்தக் கம்பெனியும் விதித்ததல்ல, எந்த நிபுணரும் சொன்னதல்ல. என் சொந்த மெயில் சர்வரில், குப்பைக்குப் போகும் கடிதங்களை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்ட ஒரு வரிக்கு எதிரே, காப்பி ஆறுவதற்குள் தட்டிவிட்டு எழுந்துபோனேன். தட்டிய விரலை என்ன செய்ய முடியும்? அதே விரலால்தான் இதையும் எழுதுகிறேன்.

சொந்தமாக மெயில் சர்வர் எதற்கு என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். உலகமே இலவசமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கும்போது, செங்கம் சாலை பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்துகொண்டு புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிற ஒருவன், தனக்கென்று ஒரு தபாலாபீசைக் கட்டிக்கொள்வது கிறுக்குத்தனம். எனக்கும் இலவச மெயில் ஒன்று இருந்தது. பதினைந்து வருடக் கடிதங்கள் அதில் இருந்தன. ஃபோன் எண்ணை மாற்றினேன். கொஞ்ச நாளில் பாஸ்வேர்டை மறந்தேன். இரண்டையும் ஒருவன் அடுத்தடுத்துச் செய்யக்கூடாது. கணக்கைத் திறக்க ஆறு இலக்க எண் ஒன்று அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பினார்கள், என் பழைய ஃபோன் எண்ணுக்கு. அந்த எண் அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. என் எண்ணுக்கு நானே ஃபோன் போட்டேன்.

“அலோ, யாரு?”

“சார், இது முன்னாடி என் நம்பருங்க. இப்ப ஒரு ஆறு நம்பர் மெசேஜ் வந்திருக்கும், அத மட்டும் கொஞ்சம் படிச்சிச் சொன்னீங்கன்னா...”

“ஏம்பா, போன வாரம்தான் ஒருத்தன் பேங்க் மேனேஜர்னு சொல்லிக்கினு கேட்டான். இந்த வாரம் நீயா? நான் கடலைக்குத் தண்ணி கட்டிக்கினு இருக்கறேன். வேற எவனாவது இளிச்சவாயன் கிடைப்பான், போ.”

அவர் மேல் தவறே இல்லை. நான் அவராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எட்டு முறை முயன்ற பிறகு கணக்கு நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே அம்மாவின் கடிதங்கள் இருந்தன.

அம்மா எழுதியவை அல்ல, அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டியவை. என் தம்பி வேலைக்காகக் கடல் தாண்டிப் போன நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மாவுக்குக் கடிதம். ஃபோனிலும் பேசுவாள். ஆனால் அது ‘சாப்ட்டியா, குளிரா’ என்பதோடு முடிந்துவிடும். பேசவேண்டியதைக் கடிதத்துக்கு எடுத்துவைத்திருப்பாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார, அவள் என் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் காலை நீட்டிக்கொள்வாள்.

“எழுதுனியா?”

“எழுதிட்டேன்மா.”

“படி.”

படிப்பேன்.

“முட்டி வலின்னு போட்டியே, அத எடுத்துடு. அங்க உக்காந்துக்கினு அவன் இன்னா பண்ணுவான்? கவலதான் படுவான்.”

எடுத்துவிடுவேன்.

“மேல தலைப்புன்னு ஒண்ணு கேக்குதும்மா. இன்னா போட?”

“தலைப்பு இன்னாத்துக்கு? நான் எதுக்கு எழுதறேன்னு அவனுக்குத் தெரியாதா?”

இப்படித்தான் எங்கள் வீட்டில் மெயிலுக்குத் தலைப்புப் போடும் பழக்கமே இல்லாமல் போனது. தம்பியும் போடமாட்டான். கடைசிவரை, தலையில்லாத கடிதங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

எடுத்துடு, எடுத்துடு. முட்டி வலியை எடுத்தேன். சர்க்கரையை எடுத்தேன். குளியலறையில் தலைசுற்றி விழுந்ததை எடுத்தேன். எடுக்கச் சொன்னதை எடுப்பதுதான் என் தொழில். கை தானாகவே செய்யும். கடைசியாக அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஃபோனில் ஒரு பத்தி தட்டி அவளுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். “ஒண்ணுமில்லனு போடு. மெதுவா வரட்டும். அவன் பசங்களுக்குப் பரீட்ச நடக்குது.” பத்தி முழுவதையும் எடுத்துவிட்டு இரண்டு வரி அனுப்பினேன். ‘ஒண்ணுமில்ல. மெதுவா வா.’

அதை அனுப்பிய பதினோராம் நாள் அம்மா போய்விட்டாள். தம்பி வந்து சேர்ந்தபோது பால் தெளிப்பே முடிந்திருந்தது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். அம்மாதான் அப்படி எழுதச் சொன்னாள் என்று நான் சொன்னேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. உனக்குத் தெரியாதா? நீ எழுதியிருக்கணும், அண்ணா.”

காரியம் முடிந்து போனவன் ஃபோன் எண்ணை மாற்றிக்கொண்டான். நான் ஒரு காரியம் செய்தேன், இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்து அவனுக்கு மெயிலில் அனுப்பினேன். டாக்டரே இன்னும் சில வாரம் தாங்கும் என்றுதான் எழுதியிருந்தார், பார், என்கிற மாதிரி. அதற்குப் பதில் இல்லை. அது ஆன ஒரு வருடத்தில்தான் மெயில் கணக்குப் பூட்டிக்கொண்டது. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது இந்த உலகத்தில் தம்பியிடம் மட்டும்தான் இருந்தன, இருந்தால்.

இனி என் கடிதங்களை இன்னொருவர் வீட்டில் வைப்பதில்லை என்று அப்போது முடிவு செய்தேன். சொந்தமாக ஒரு டொமைன் பெயர், ஒரு சர்வர். அதிலிருந்து அவனுக்கு முதல் கடிதம்: பழையது பூட்டிக்கொண்டது, அம்மா சொன்ன கடிதங்கள் என்னிடம் இல்லை, உன்னிடம் இருந்தால் அனுப்பு. இனி என் முகவரி இது.

எந்த மென்பொருளைப் போடுவது என்று கேட்க வேங்கிக்காலில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்வரிசையில் ஒரு தனியார் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். என் வயதுதான். நான் அவ்வப்போது எழுதும் கவிதைகளைப் படித்ததில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். டீக்கடையில் வைத்துக் கேட்டேன்.

“இன்னா கவிஞரே, சொந்த மெயில் சர்வரா? இந்த ஊர்ல குரங்குக்கா பஞ்சம்? எதுக்குத் தனியா ஒண்ணு வாங்கித் தோள்ல உக்கார வெச்சிக்கறீங்க?”

“விளையாடாதீங்க. எதப் போடலாம், சொல்லுங்க.”

டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, ஏலக்காய் பிஸ்கட் மூன்றை வரிசையாக அடுக்கினார். முதல் பிஸ்கட் ஒரு கிழம். இன்டர்நெட் தவழ்ந்த காலத்திலிருந்து கடிதம் சுமக்கிறது, ஆனால் அதன் பாஷை அதற்கும் இன்னும் நாலு பேருக்கும்தான் புரியும். அதை அவரே எடுத்துத் தின்றுவிட்டார். இரண்டாவது கூட்டுக்குடும்பம். ஒரே முறை போட்டால் அனுப்புவது, வாங்குவது, குப்பை பிரிப்பது, திறந்து பார்க்க வலைப்பக்கம் எல்லாம் சேர்ந்து வந்து உட்காரும். மூன்றாவது தனிக்குடித்தனம். சுமந்துபோக ஒரு மென்பொருள், பத்திரமாக வைக்க ஒன்று, குப்பை பிரிக்க இன்னொன்று. மூன்றையும் நாமே வரி வரியாக எழுதி முடிச்சுப் போடவேண்டும்.

“உங்களுக்கு ரெண்டாவதுதாங்க. மெமரி ஜாஸ்தி தின்னும், தின்னுட்டுப் போவுது. தினம் காலைல ஒரு மெயில் போடும். நேத்து இத்தன மெயில குப்பைல போட்டேன், இன்னின்ன ஆளுகிட்ட இருந்துன்னு ஒப்பிக்கும். வேண்டியவங்க யாராவது மாட்டியிருந்தா எடுத்துக்கலாம்.”

“தினமுமா? நச்சரிப்பு.”

“நச்சரிக்கறது ஒண்ணாவது வூட்ல இருக்கணுங்க.”

நான் மூன்றாவது பிஸ்கட்டை எடுத்தேன். மெமரி கம்மி போதும் என்று அவரிடம் காரணம் சொன்னேன். உண்மை அது இல்லை. ஒவ்வொரு வரியும் என் கையால் எழுதியதாக இருக்கவேண்டும். எனக்குத் தெரியாமல் ஒரு காற்புள்ளிகூட அங்கே இருக்கக்கூடாது. அவ்வளவுதான். பார்த்துப் பார்த்துச் செய்தால் எதுவும் தொலையாது என்று நம்பினேன்.

பல வாரம் அதிலேயே போயிற்று. வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர், அதற்கு ஒரு முகவரி எண். அந்த எண்ணில் எனக்கு முன்னால் எவனோ குடியிருந்து குப்பைக் கடிதமாக அனுப்பித் தள்ளியிருந்தான். எங்கள் தெருவில் இது சகஜம். வெளியூர்க்காரர் ஒருவர் காலி செய்த அறைக்கு அடுத்து யார் குடிவந்தாலும், பழையவரைத் தேடி வருகிறவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். புதியவர் தான் அவரில்லை என்று நிரூபிக்கவேண்டும். நானும் நிரூபித்தேன். ஒவ்வொரு பெரிய கம்பெனிக்கும் படிவம் நிரப்பி, நான் அவன் இல்லை, நான் அவன் இல்லை என்று எழுதினேன். ஒருவழியாக என் கடிதங்கள் வெளியே போகத் தொடங்கின.

உள்ளே வருவது வேறு தொல்லை. புது முகவரியை மோப்பம் பிடித்து, தலைப்பே இல்லாத குப்பைகள் வந்து கொட்டின. பிரிக்கிற மென்பொருள் ஒவ்வொரு கடிதத்துக்கும் மதிப்பெண் போடும். இது மதிப்பெண் எடுத்தால் தோற்கிற பரீட்சை. தெரியாத முகவரியா, ஒரு மதிப்பெண். எழுத்தே இல்லாமல் வெறும் இணைப்புகளா, இரண்டு. ஐந்தைத் தாண்டினால் குப்பை. தலைப்பு இல்லாததற்கு அது முதலில் ஒன்றுதான் வைத்திருந்தது. அதை மூன்றாக்கினேன். மறுநாளே, கடிதங்கள் வந்து விழும் முகப்பு சுத்தமாக இருந்தது. துடைத்த சிலேட்டு மாதிரி. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தம்பியின் பழைய முகவரியை மட்டும் எப்போதும் அனுமதிக்கவேண்டிய பட்டியலில் எழுதி வைத்தேன். ஒரே ஒரு பெயர் இருந்த பட்டியல் அது.

பௌர்ணமி எங்கள் ஊரில் ஒரு தேதி இல்லை, ஒரு வானிலை. கிரிவலத்துக்கு வரும் கூட்டத்துக்காகப் பகலிலேயே பஸ்களைத் தடுத்து ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். தெருமுனையில் தடுப்பு. ஆட்டோ கிடைக்காது, ஃபோனில் நெட் நகராது, ஒரு சாமான் வாங்கப் போனால் கூட்டத்தில் மிதந்து வேறொரு கடை வாசலில் போய் ஒதுங்கவேண்டியிருக்கும். வீட்டை விட்டு இறங்கமுடியாத நாள். ஆகையால் சர்வர் வேலைகளுக்கெல்லாம் அந்த நாளை ஒதுக்கினேன். மென்பொருளைப் புதுப்பிப்பது, சர்வர் வாராவாரம் எடுக்கும் பிரதியைச் சரிபார்ப்பது, குப்பையை ஒருமுறை கிளறிப் பார்ப்பது, கடைசியாகத் தம்பிக்கு ஒரு கடிதம். ஊர் மலையைச் சுற்றும். நான் இதைச் சுற்றுவேன். பதில் வராது. அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி எழுதுவேன்.

குப்பையை எத்தனை நாள் வைத்திருப்பது? அந்த வரிக்கு வரும்போது மனக்கணக்குப் போட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாள். முப்பது வைத்தால் அரை நாள் மிச்சம். எதுவும் என் கண்ணில் படாமல் அழியாது. காலண்டரில் ஒன்றாம் தேதி பார்த்து வாழ்கிறவன் இந்தக் கணக்கைப் போட்டிருக்கமாட்டான். அறுபது, தொண்ணூறு என்று ஏதாவது வைத்துவிட்டுப் போயிருப்பான். இந்த ஊர்க்காரனுக்குத்தான் மாதம் என்றால் நிலா.

அந்த வருடம் வைகாசியில் பௌர்ணமி திதி சாயங்காலம் பிறந்தது. கூட்டம் சேர்வதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று காலையிலேயே உட்கார்ந்து எல்லாம் பார்த்தேன். குப்பையில் உருப்படியாக எதுவும் இல்லை. மூடினேன். ஆனி மாதம் திதி பாதிப் பகலில் தொடங்கி மறுநாள் காலைவரை நின்றது. முதல் நாள் போவதா, மறுநாள் போவதா என்று கடைத்தெருவில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரெண்டு நாளும் பௌர்ணமிதாங்க, எப்ப வேணா சுத்தலாம் என்றார் பூக்கடைக்காரர். எனக்கு லேசான காய்ச்சல். நாளைக்குப் பார்த்தால் என்ன, நாளையும் பௌர்ணமிதானே என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். அப்போதும் எனக்கு எதுவும் தெரியாது. இரண்டு நாளைக்கு முன்புதான் நண்பர் ஃபோனில், “உங்க ஃபில்டரு கெடுபிடி ஜாஸ்திங்க, நான் அனுப்பனதே குப்பைக்குள்ள போயிருக்குது, கொஞ்சம் தளத்துங்க” என்று சொல்லியிருந்தார். எவ்வளவு கெடுபிடி என்று பார்ப்பதற்காக, ஒரு மாதமாக யார் யாரெல்லாம் குப்பைக்குப் போனார்கள் என்று லாகை விரித்தேன். லாக் என்பது வாசல் காவலாளியின் நோட்டு. யார் வந்தார், எப்போது வந்தார், எத்தனை பெரிய மூட்டை, எந்தக் காரணத்துக்காக எங்கே அனுப்பப்பட்டார். மூட்டைக்குள் என்ன இருந்தது என்று மட்டும் அதில் இருக்காது.

எதையோ விற்கிறவர்களும் எதையோ பரிசாகத் தருகிறவர்களுமாகப் போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஒரு முகவரி. தம்பியின் பழைய முகவரி இல்லை. அவனுக்கு அம்மா வைத்திருந்த செல்லப்பெயர். அம்மாவைத் தவிர யாரும் கூப்பிடாதது. நான் கூப்பிட்டால் அடிக்க வருவான். அந்தப் பெயரில் அவன் புதிதாக ஒரு முகவரி எடுத்திருக்கிறான்.

வைகாசிப் பௌர்ணமி அன்று, நான் பார்த்து மூடிய இரண்டாவது மணி நேரத்தில் வந்திருக்கிறது. அறியாத முகவரி, ஒன்று. தலைப்பு இல்லை, மூன்று. எழுத்து இல்லை, இணைப்புகள் மட்டும், இரண்டு. மொத்தம் ஆறு. குப்பை.

ஓடிப்போய்க் குப்பையைத் திறந்தேன். ஓடுவதற்கு என்ன இருக்கிறது, விரல்தானே. திறந்தேன். அன்று விடியற்காலை சர்வர் தன் வழக்கமான பெருக்கித் துடைத்தலை முடித்திருந்தது. முப்பது நாளைத் தாண்டியவை நீக்கப்பட்டன என்று இன்னொரு வரி, அதே நோட்டில், அதே எழுத்தில். நான் காய்ச்சலென்று படுக்காமல் முதல் நாளே உட்கார்ந்திருந்தால் அது அங்கே இருந்திருக்கும். வாராவாரம் எடுக்கும் பிரதியில் தேடினேன். குப்பையை அதில் நான் சேர்க்கவில்லை. குப்பைக்கு எதற்குப் பிரதி என்று அதையும் நானேதான் எழுதி வைத்திருந்தேன், தனி ஒரு வரியாக, அழகாக.

நண்பரைக் கூப்பிட்டேன். கூட்டம் கலையாத சாலையில் பாதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். அரை மணி நேரம் தட்டிப் பார்த்தார். அவர் கேலி பேசாதது அன்றைக்குத்தான்.

“வாடகை மெஷினுங்க. அந்த இடத்துல வேற இன்னாத்தையாவது எழுதியிருக்கும். போனது போனதுதான்.” பிறகு, எழுந்து நின்றுகொண்டு, “இன்னா அனுப்பியிருப்பாரு?” என்றார்.

அதைத்தான் நானும் அந்த வரியை முறைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய மூட்டை. நிறைய இணைப்புகள். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகளாக இருக்கலாம். நான் மாதாமாதம் கேட்டதை ஒருநாள் அவனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பிய ஆஸ்பத்திரிக் காகிதங்களையே ஒரு வார்த்தை பேசாமல் என் முகத்தில் திருப்பி எறிந்ததாகவும் இருக்கலாம். அளவு இரண்டுக்கும் பொருந்தியது. எதுவாக இருந்தாலும், முப்பது நாளாக அவன் அங்கே உட்கார்ந்துகொண்டு நான் பதில் போடவில்லை என்று நினைத்திருப்பான். இத்தனை நாள் கேட்டுக் கேட்டு எழுதியவன், வந்ததும் வாயை மூடிக்கொண்டான் என்று.

உடனே எழுத உட்கார்ந்தேன். நீ அனுப்பியது என் சர்வரில் தவறுதலாகக் குப்பைக்குப் போய் அழிந்துவிட்டது. படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வீட்டுப்பாடத்தை ஆடு தின்றுவிட்டது என்பது போலிருந்தது. லாகில் அந்த நான்கு வரிகளைப் பிரதி எடுத்துக் கீழே ஒட்டினேன்: தேதி, நேரம், மதிப்பெண், நீக்கப்பட்டது. ஒட்டியதும் ஒரு தெம்பு வந்தது. பார், நான் பொய் சொல்லவில்லை.

மனைவி கதவோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தாள்.

“மறுபடியும் ஆதாரமா அனுப்பறீங்க?”

“இல்லாட்டி நம்பமாட்டான்.”

“போன தடவ ஆதாரம் அனுப்பனீங்களே, நம்பனாரா?” தலையணை உறையைத் தேடிக்கொண்டே சொன்னாள். “அவரு உங்ககிட்ட கேட்டது டாக்டர் சீட்டா? எழுதியிருக்கணும்னாரு. அவ்ளோதான?”

அவள் உள்ளே போய்விட்டாள். வெளியே நடந்து முடித்தவர்கள் பஸ்ஸைத் தேடிச் சாலையோரமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள், வெறுங்காலை எட்டி எட்டி வைத்து.

லாக் வரிகளை எடுத்துவிட்டேன். சர்வர், குப்பை, தவறுதலாக எல்லாவற்றையும் எடுத்தேன். வாழ்நாளெல்லாம் அம்மா சொல்லி எடுத்தவன், அன்று யாரும் சொல்லாமல் எடுத்தேன். பிறகு, எடுத்தவற்றைத் திரும்பப் போட ஆரம்பித்தேன். முட்டி வலி. சர்க்கரை. குளியலறையில் விழுந்தது, அப்போது நான் வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கேட்டு வேண்டாமென்ற அந்தப் பத்தி, நினைவிலிருந்தவரை முழுசாக. அவள் வேண்டாமென்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதனால்தான் எடுத்தேன் என்பதும். இதைத்தான் அப்போது எழுதியிருக்கவேண்டும் என்று ஒரு வரி. கடைசியில்: ‘நீ அனுப்பியது வந்தது. நான் படிப்பதற்கு முன்னால் அழிந்துவிட்டது. அதற்குக் காரணம் நான்தான்.’

தலைப்புப் போடவில்லை. அந்தச் செல்லப்பெயருக்கு அனுப்பினேன்.

அந்தப் பக்கத்துச் சர்வர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. புது ஆளைக் கண்டால் சில சர்வர்கள் அப்படித்தான். இப்போது வேண்டாம், பிறகு முயன்று பார் என்று திருப்பிவிடும். உண்மையான கடிதமென்றால் மறுபடி வரும், குப்பையென்றால் வராது என்பது அவர்கள் நம்பிக்கை. என் சர்வர் ஐந்து நிமிடம் கழித்துப் போயிற்று. பிறகு வா. பத்து நிமிடம் கழித்துப் போயிற்று. பிறகு வா. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்காவது தடவை, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று நோட்டில் விழுந்தது. ஏற்றுக்கொண்டது வாசல். உள்ளே அவன் முகப்பில் போட்டதா, அவனுடைய குப்பையில் போட்டதா, அது எந்த நோட்டிலும் இருக்காது.

அடுத்த பௌர்ணமி போயிற்று. அதற்கடுத்ததற்கு நான்கு நாள் முன்பு, மத்தியானம், மெய்ப்புக்கு நடுவில் வந்தது. தலைப்பில்லை. அறியாத முகவரியாக இல்லை இப்போது. அனுமதிப் பட்டியலில் அது இரண்டாவது பெயர். மூன்றே வாக்கியம்.

‘படிச்சேன். அனுப்பினதுக்குக் காப்பி இருக்கு, இப்ப முடியாது. மெதுவா அனுப்பறேன்.’

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மெதுவா என்றால் எங்கள் குடும்பத்தில் என்ன அர்த்தமென்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி என்று மட்டும் பதில் போட்டேன். என்ன அனுப்பினாய் என்று கேட்கவில்லை. கேட்கிற உரிமை போய்விட்டதென்று தோன்றியது. இல்லை, பதிலுக்குப் பயந்தேன்.

அப்புறம் நண்பர் ஒருநாள் வந்திருந்தார். காலை காப்பியோடு நான் குப்பையைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாகப் படிப்பதைப் பார்த்தார்.

“இன்னா கவிஞரே, அதையே படிச்சிக்கினு இருக்கறீங்க? கூட்டுக்குடும்பமே போட்டிருக்கலாமில்ல, அதுவே சொல்லியிருக்கும்.”

“போட்டிருக்கலாம்.”

முப்பதை அழித்துவிட்டேன். அந்த வரிக்கு எதிரே இப்போது ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் எதையும் அழிக்காதே என்று பொருள். மருந்து விற்கிறவனும், லாட்டரி விழுந்ததென்கிறவனும், செத்துப்போன ராஜாவின் சொத்துக்கு வாரிசு தேடுகிறவனும் சேர்ந்துகொண்டே போகிறார்கள். தலைப்பில்லாத கடிதத்துக்கு மதிப்பெண்ணே இல்லை என்று மாற்றியதால் முகப்பும் குப்பையாகத்தான் கிடக்கிறது. தினமும் காலையில் இரண்டையும் அடிவரை படிக்கிறேன்.

இன்று காலையும் படித்தேன். அவனிடமிருந்து எதுவும் இல்லை.